அசைபோட்ட சுவர்

முதலில் கேட்டது சத்தம்தான். சரக், சரக் என்று அவசரமில்லாமல் எதையோ அரைக்கிற சத்தம், பிறகு ஒரு விழுங்கல், பிறகு வயிற்றின் ஆழத்திலிருந்து ஏதோ ஒன்று கழுத்து வழியே மேலேறி வருகிற மெல்லிய ‘களுக்’, மறுபடியும் சரக், சரக். பகலும் இரவும் விசைத்தறி அடிக்கிற எங்கள் வீதியில் பேசுவது என்றால் கத்துவது, கேட்பது என்றால் எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்ப்பது என்று ஆகிப்போயிருந்த எங்களுக்கு, பெற்ற பிள்ளை சிணுங்கினால்கூட எட்டாத எங்கள் காதுகளுக்கு, அந்தச் சத்தம் மட்டும் எப்படி எட்டியது என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள், டீக்கடைப் பெஞ்சில் கண் எரிய உட்கார்ந்திருந்த ஆண்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

“யாரோ முறுக்குத் திங்கறாங்களாட்டிருக்குது” என்றாள் ஒருத்தி.

“முறுக்குமில்ல கிறுக்குமில்ல. மாடு அசை போடுது” என்றாள் துளசிமணி.

வீதியில் மாடு கிடையாது, கட்ட இடமும் கிடையாது. இரண்டு பக்கமும் லைன் வீடுகள், ஒவ்வொன்றும் ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும், ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர், நடுவே சாக்கடை, சாக்கடை திரும்புகிற இடத்தில் மாரப்பனின் தறிப்பட்டறை. சத்தம் துளசிமணியின் கொழுந்தன் மயில்சாமியின் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. அவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தாள். நைட் சிப்ட் முடித்து வந்த மயில்சாமி கட்டிலில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தலைமாட்டில், போன வாரம் அடித்த பழைய பலகைச் சுவர், தன்பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பலகைகள் வந்த விதம் இப்படி. மயில்சாமிக்கு மூத்தவன் சென்னியப்பன், துளசிமணியின் புருசன், அடுத்த வீட்டுக்காரன். அவர்களுடைய அப்பன் செத்தபோது மிச்சமிருந்தவை இரண்டே: மாரப்பன் பட்டறையின் மூலையில் இடம் வாடகைக்கு எடுத்துப் போட்டிருந்த ஒரு சோடித் தறி, அப்புறம் ஊரில், உழுத காடு கைவிட்டுப் போன பிறகும் யாரும் வாங்காமல் நின்ற கட்டுத்தறி. மாடு கட்டுகிற கொட்டகையை எங்கள் பக்கத்தில் கட்டுத்தறி என்போம். துணி நெய்கிற தறிக்கும் அதற்கும் பேரின் வால் ஒன்று என்பதைத் தவிர வேறு உறவு இல்லை. பாகம் பிரிக்கும்போது மூத்தவன் கூறு வைப்பான், இளையவன் முதலில் எடுப்பான், அதுதான் வழக்கம். சென்னியப்பன் தறியை ஒரு கூறாகவும் கட்டுத்தறியை ஒரு கூறாகவும் வைத்தான், தம்பி மரியாதை தெரிந்தவன், தறியை அண்ணனுக்கு விட்டுவிடுவான் என்கிற நம்பிக்கையில். எது வேண்டும் என்று தம்பியைக் கேட்டது பட்டறைக்குள், தறிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது. மயில்சாமி அறுந்துபோன இழையைப் பார்த்துக் குனிந்திருந்தவன் குனிந்தபடியே பதிலைத் தொடங்கி நிமிர்ந்தபோது முடித்தான். சென்னியப்பனின் கண்ணுக்குக் கிடைத்தது உதட்டின் கடைசி அசைவு மட்டும். தறி.

அன்றிரவும் மறுநாள் பகலும் சென்னியப்பன் சோறு தின்னவில்லை. துளசிமணி என்ன கேட்டாலும் “தறிய எடுத்துக்கிட்டான், எந்தம்பி தறிய எடுத்துக்கிட்டான்” என்பதையே சொல்லிக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி சிரிப்பதாகவும் தம்பி பெண்டாட்டி பாத்திரம் உருட்டுவதுகூட வேண்டுமென்றே என்றும் நினைத்துக்கொண்டு புரண்டவன், சாயங்காலம் டீக்கடையில் தம்பி எடுத்தது கட்டுத்தறிதான் என்று தெரிந்ததும், எல்லோரும் பார்க்க நெஞ்சைத் தடவிக்கொண்டு சிரித்தான்.

“ஏண்டா, அந்த உளுத்த கட்டையவா எடுத்த? நல்லா எடுத்துக்க சாமி. அதுல ஒரு குச்சிகூட எனக்கு வேண்டாம்.”

“சந்தோசமுங்கண்ணா” என்றான் மயில்சாமி.

கட்டுத்தறி வேண்டும் என்றது மயில்சாமி இல்லை, அவன் பெண்டாட்டி கோகிலாமணி. அவள் நெசவு நூலைக் குச்சியில் தாராகச் சுற்றுகிற வேலைக்குப் போகிறவள், சுற்றிக்கொண்டே போனில் வீடியோ பார்க்கிறவள். “வெளிநாட்டுக்காரன் மாட்டுக்கொட்டாயப் பிரிச்சு ஊட்டுக்குள்ள செவுத்துல அடிக்கறானுங்க, பாக்கறக்கு அரமன மாதிரி இருக்குது. நம்மகிட்ட சும்மா கெடக்குதுல்ல?” என்று அவள் சொன்னபோது வீதியே சிரித்தது. ஓடுகளை இறக்கி, தூணைச் சாய்த்து, பலகைகளை மினி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தவள் ஒவ்வொரு ஆணியாகத் தானே பிடுங்கினாள், மொட்டை மாடியில் வெயிலுக்குப் போட்டாள், கவிழ்த்துத் தட்டி உளுத்த தூளை உதறினாள், கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தாள், வேப்பெண்ணெயைத் துணியில் நனைத்து மூன்று நான்கு தரம் பூசினாள். ஆசாரி இழைப்புளியை எடுத்தபோது கையைப் பிடித்துத் தடுத்தாள். கொம்பு உரசி உரசிக் குழிந்த பள்ளமும், கழுத்துக் கயிறு அறுத்த வடுவும், மூக்கு பட்டுப் பட்டு வழவழப்பான ஓரமும் அப்படியே இருக்க வேண்டுமாம், அதுதான் அழகாம். தீவனத் தொட்டியின் பலகை டம்ளர் அடுக்குகிற தட்டானது, தூண் இரண்டாக அறுபட்டுக் கட்டில்காலானது, மிச்சமெல்லாம் அந்தப் பொதுச் சுவரின் மேல் வரிசையாக ஆணியடிக்கப்பட்டது. அது அசைபோட ஆரம்பித்தது வெயில் உச்சியைத் தாண்டுகிற நேரத்தில், மாடுகள் வயிறு நிறைந்து படுக்கிற நேரத்தில், யாரும் அதற்குச் சொல்லித் தராமலே.

பகலில் தூங்குகிறவனுக்கு மட்டுமே தெரிந்த சில உண்டு. இமைக்குள் வெளிச்சம் சிவப்பாகத் தேங்கி நிற்பதும், தூக்கம் வாசல்வரை வந்து செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போவதும், உடம்பு படுத்திருக்க மண்டைக்குள் மட்டும் தறி ஓடிக்கொண்டே இருப்பதும், சாயங்காலம் எழும்போது தூங்கினோமா இல்லையா என்பதே தெரியாமல் போவதும். இப்படி வருசக்கணக்கில் அரைக்கண்ணோடு வாழ்ந்த மனிதர்கள் நாங்கள். அந்தச் சுவரோரம் படுத்த மயில்சாமி எழுந்து வந்தபோது அவன் முகத்தில் நாங்கள் பார்த்தது எங்களில் யாருடைய முகத்திலும் பார்த்தறியாத ஒன்று. கன்னம் உப்பியிருந்தது, கண்ணில் சிவப்பு இல்லை, தலைமயிர் நெற்றியிலிருந்து உச்சிவரை ஈரமாக ஒரே பக்கம் வழித்துவிடப்பட்டுச் சுழி போட்டிருந்தது. சொரசொரப்பான பெரிய நாக்கு ஒன்று நிதானமாக நக்கினால் எப்படி இருக்குமோ அப்படி.

“மாடு நக்கிருச்சு” என்றான் அவன் வெட்கத்தோடு.

“சாம்பு போட்டுக் குளி” என்றது வீதி, ஆனால் மறுநாளே பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றது. கோகிலாமணி யாரையும் விரட்டவில்லை. உள்ளே எட்டுப் பேர் தலையைச் சுவருக்கும் காலை வாசலுக்கும் வைத்துக் கன்றுக்குட்டிகள் போலப் படுத்தார்கள், சுவர் சரக், சரக் என்றது, எட்டுப் பேரும் ஒரே மூச்சில் இறங்கிப்போனார்கள், எழுந்தபோது எட்டுத் தலையிலும் சுழி. முறை வைத்துக்கொண்டோம். இன்றைக்கு மேற்கு வரிசை, நாளைக்குக் கிழக்கு வரிசை, பிள்ளை பெற்றவளுக்கு முறை கிடையாது, எப்போதும் வரலாம். சலூன்காரர் சுழியின் மேல் கத்தரி வைக்க மாட்டேன் என்றார், பாவமாம். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் தலைத்துண்டை அவிழ்க்கச் சொன்னார்கள். சுழி இருப்பவனுடைய துணியில் இழை குறை விழுவதில்லை என்று மாரப்பன் கண்டுபிடித்து, சுழி இல்லாதவனை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார். காதுகளும் கொஞ்சம் திறந்துகொண்டன. புருசன்மார்கள் முணுமுணுத்துத் திட்டுவதைப் பெண்டாட்டிமார்கள் முதன்முறையாகக் கேட்டார்கள், அதில் இரண்டு மூன்று வீட்டில் சண்டையும் வந்தது.

வசதி இருந்தவர்கள் தமக்கென்று ஒரு சுவரைத் தேடிக்கொண்டு போனார்கள். மளிகைக்கடைக்காரர் மலிவாகக் கிடைத்தது என்று ஆட்டுப்பட்டியின் கட்டைகளை வாங்கி வந்து அடித்தார். அவை தூங்கவும் விடவில்லை, ஜன்னல் திரையையும் தினசரிக் காலண்டரையும் ஓரத்திலிருந்து கடித்துக்கொண்டே வந்து, ஆவணி மாதம் முழுக்கத் தின்றுவிட்டன. கோழிக்கூண்டுப் பலகை வாங்கியவன் விடியுமுன்னே எழுந்தான், அவன் மட்டுமல்ல, அவன் பக்கத்து வீடுகளும். கழுதை லாயத்துக் கதவை டைனிங் டேபிள் ஆக்கியவர் வீட்டில் விருந்துக்கு வந்த சம்பந்தியின் முழங்காலில் மேசை எட்டி உதைத்து, சம்பந்தம் முறிந்துபோனது. நெல் குடோனின் பலகை வாங்கியவரின் சுவர் ஒன்றுமே செய்யவில்லை, நிறைய வேண்டும் என்கிற ஏக்கத்தை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் கொடுத்தது. கடைசியில் எல்லோரும் பாயோடு கோகிலாமணி வீட்டுக்கே திரும்பி வந்தார்கள்.

வராதவன் ஒருவன்தான். ஒரு குச்சிகூட வேண்டாம் என்று சொன்ன வாய் அவனுடையது.

சென்னியப்பனுக்கு எங்கள் எல்லோரையும்விடத் தூக்கம் தேவைப்பட்டது. பாகம் பிரித்த பிறகு அந்தச் சோடித் தறியை ஆள் வைக்காமல் தானே ஓட்டினான். ஒரு நாள் கண் அசந்த நொடியில் நூலைக் குறுக்கே கொண்டோடுகிற நாடா தறியை விட்டுப் பறந்துபோய்ப் பக்கத்துத் தறிக்காரனின் தோளைக் கிழித்தது. மாரப்பன் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, “சென்னீ, இன்னொருக்கா நீ தூங்கி உழுந்தீன்னா உன்ற தறியக் கழட்டி வண்டில ஏத்தீருவேன். வேற எடம் பாத்துக்க” என்று சொல்லியிருந்தார். தூங்கி விழுகிறவனுக்கு எந்தப் பட்டறையில் இடம் கொடுப்பார்கள்? தூக்கம் வந்தால் தறி இருக்கும், வராவிட்டால் போகும். அதைத் தெரிந்துகொண்டு படுக்கிறவனுக்கு அது எங்கே வரும்? அவன் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, ஒற்றைச் செங்கல் கனத்துக்கு அப்பால் தன் அப்பனின் மாடு யார் யாரையோ நக்கிவிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். சத்தம் அவனுக்கும் கேட்டது. தூக்கம் மட்டும் செங்கல்லைத் தாண்டவில்லை.

ஒருநாள் துளசிமணி தலையில் சுழியோடு வந்தாள்.

அவன் பாயில் எழுந்து உட்கார்ந்து அவளையே பார்த்தான். அவள் கன்னம் பெண் பார்க்கப் போன அன்று இருந்த மாதிரி இருந்தது. அவள் ஏதோ பாட்டை முனகினாள், அடுப்பைப் பற்றவைக்கும்போது இடுப்பைக்கூட ஒருமாதிரி ஆட்டினாள்.

“எங்க போய்ட்டு வர்ற?”

“தெரியாத மாதிரி கேக்கறீங்க. ஊரே போகுது, நாம் போகக்கூடாதா?”

“என்னைய உட்டுட்டுப் போய்த் தூங்கீட்டு வந்திருக்கற.”

“அட ஏனுங், நானென்ன கள்ளப்புருசன்கிட்டயா போனேன்? செவுத்துகிட்டப் போனேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்” என்றான் சென்னியப்பன், சொன்ன பிறகு தனக்கே சிரிப்பு வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. அவள் நெற்றிச் சுழியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போலவும் சீப்பை எடுத்துக் கலைத்துவிட வேண்டும் போலவும் ஒரே நேரத்தில் கை பரபரத்தது. புகைச்சல் என்கிறோமே, அது வெறும் வார்த்தை இல்லை. அன்றைக்கு அவன் பக்கத்தில் போனவர்களுக்கெல்லாம் கண் கரித்தது.

அதற்கடுத்த நாள் அவனே போனான். சும்மா போகவில்லை. தம்பி வீட்டுக்குப் பிச்சைக்காரன் மாதிரி போகக்கூடாது என்று சோப்பு தேய்த்துக் குளித்து, பவுடர் போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் போனான். படுத்திருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவன் தலையை வைத்தான். சுவர் நின்றது.

கரண்டு போனால் பட்டறை நிற்குமே, அப்படி. எட்டுப் பேரும் திடுக்கென்று விழித்து உட்கார்ந்தார்கள்.

“என்னாச்சு? பீஸ் போயிருச்சா?” என்றான் ஒருவன்.

சென்னியப்பன் எழுந்து வாசலுக்குப் போனதும் சுவர் மறுபடியும் சரக் என்றது. உள்ளே வந்தான், நின்றது. போனான், ஓடியது. பார்த்தவர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோகிலாமணிதான் மனம் பொறுக்காமல் வந்து, “மாமா, கோவிச்சுக்காதீங்க. மாடு சேத்துக்காத கன்னுக்கு உப்பும் தவுடும் தேச்சு உடுவாங்கல்ல, அப்பத்தான நக்கும்? ஒருக்கா நீங்களும் சட்டையக் கழட்டிப்போட்டு…” என்று இழுத்தாள்.

“அப்படியே கழுத்துக்கொரு கயறும் மாட்டி உடு கோகிலா” என்றது ஒரு குரல். அறையே குலுங்கியது. மயில்சாமி சிரிக்கவில்லை என்று சிலர் சொல்கிறோம், கொஞ்சம் சிரித்தான் என்று சிலர் சொல்கிறோம். சென்னியப்பன் பார்த்தது சிரிப்பைத்தான்.

“பாதி எனக்கு” என்றான் அவன்.

“எதுலீங்கண்ணா?”

“செவுத்துல. அப்பன் சம்பாத்தியம். பாதி எனக்கு.”

“ஒரு குச்சிகூட வேண்டாம்னீங்களே?”

“குச்சி வேண்டாம்னேன். பலகை வேண்டாம்னேனா?”

மயில்சாமி டம்ளர் தட்டிலிருந்து சாக்கட்டியை எடுத்தான். “சரீங்கண்ணா. இந்தவாட்டி நாங் கூறு வெக்கறேன், நீங்க எடுத்துக்குங்க” என்றான். மேல்பாதி ஒரு கூறு, கீழ்ப்பாதி ஒரு கூறு என்று சாக்கட்டியில் கோடு போட்டான். சென்னியப்பன் கீழ்ப்பாதியை எடுத்தான், தலை வைக்கிற உயரம் அதுதான் என்பதால். கோகிலாமணி ஆணியைப் பிடுங்கும்போது அழுதாள். பலகைக்கு வலிக்கும் என்று அழுதாளா, அரமன பாதியானதற்கு அழுதாளா, நாங்கள் கேட்கவில்லை. அதே பொதுச்சுவரின் இந்தப் பக்கம், தன் வீட்டுக்குள், சென்னியப்பன் தன் பாதியை அடித்துக்கொண்டான்.

அசைபோட மேல்தாடையும் வேண்டும், கீழ்த்தாடையும் வேண்டும். இது எங்களில் மாடு பார்த்த எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அடித்து முடிக்கிறவரை ஒருவருக்கும் தோன்றவில்லை. வெயில் உச்சியைத் தாண்டியபோது இரண்டு பக்கமும் பாயை விரித்துக்கொண்டு காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் கழித்து மேல்பாதி கத்தியது. ‘ம்ம்மா’ என்று, அடிவயிற்றிலிருந்து. கொஞ்சம் பொறுத்து, செங்கல்லுக்கு இந்தப் பக்கம் கீழ்ப்பாதி பதில் கத்தியது. அப்புறம் நிற்கவேயில்லை. கன்றைப் பிரித்துக் கட்டிய மாடு கத்துமே, அந்தக் கத்தலில் இரண்டு பாதியும் ஒன்றையொன்று கூப்பிட்டபடியே இருந்தன, பொழுது சாய்ந்தும் கூப்பிட்டன, விடிந்தும் கூப்பிட்டன. பட்டறையில் தறிச்சத்தத்துக்கு நடுவிலும் அது எங்களுக்குக் கேட்டது, திறந்துகொண்ட காதுகளை மறுபடி மூடத் தெரியாததால்.

சென்னியப்பன் முதலில் சந்தோசமாகத்தான் இருந்தான். அதை அவனே பிற்பாடு எங்களிடம் சொன்னான், டீயைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல். வீதியில் சுழிகள் ஒவ்வொன்றாகக் கலைந்ததையும், மயில்சாமியின் கண் மறுபடி சிவந்ததையும், துளசிமணியின் கன்னம் பழையபடி ஒட்டியதையும் பார்க்கப் பார்க்க அவனுக்குள் எரிந்துகொண்டிருந்தது தணிந்ததாம். நான் தூங்கவில்லை, யாரும் தூங்கவில்லை, சரியாகப் போயிற்று. குழாயடியில் பெண்கள் அவன் காதுபடத் திட்டினார்கள். “நல்லாருக்கற ஊட்ட நாசம் பண்ணீட்டு நிக்கறாம்பாரு” என்றார்கள். சலூன்காரர் அவனுக்குச் சவரம் செய்ய முடியாது என்று கத்தியை மடக்கினார். துளசிமணி அவனோடு பேசுவதை விட்டுவிட்டு, கத்துகிற பலகைக்கு முன்னால் ஒரு சட்டியில் கழுநீர் வைத்தாள். அது குடிக்கவில்லை.

பிறகு ஒரு சிப்டில் மயில்சாமி நின்றபடியே தூங்கினான். ஓடுகிற தறியின் மேல் கை போனது. தறியை நிறுத்திப் பார்த்தபோது வலது கட்டைவிரல் நகத்தோடு நசுங்கியிருந்தது, துணியெல்லாம் ரத்தம். எதிர்த்தறியில் நின்ற சென்னியப்பன் அதைப் பார்த்தான். பார்த்த நொடியில், ஐயோ என்று வருவதற்கு முன்னால், ஒரே ஒரு நொடி, நெஞ்சுக்குள் தித்தித்தது. நன்றாக வேண்டும் என்று தித்தித்தது. உடனே ஐயோவும் வந்தது, ஓடிப்போய்த் தம்பியின் கையைத் தன் துண்டால் சுற்றியதும் அவன்தான், ஆஸ்பத்திரிக்கு வண்டியில் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு போனதும் அவன்தான்; ஆனாலும் அந்தத் தித்திப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை, தண்ணீர் குடித்தும் போகவில்லை. “அது எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கே பயமாப் போச்சு” என்றான்.

விடிந்து வீட்டுக்கு வந்தவன் டீகூடக் குடிக்காமல் ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தான். துளசிமணி தள்ளி நின்று ஆணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பனியனோடு, ராத்திரி முழுக்கத் தறியில் ஊறிய வேர்வையும் பஞ்சும் ரத்தமும் ஒட்டிய உடம்போடு, ஒவ்வொரு பலகையாகத் தோளில் சுமந்து தன் வாசலில் இறங்கித் தம்பி வாசலில் ஏறினான். இரண்டு வாசலுக்கும் நடுவே பத்தடிகூட இல்லை, ஆனால் அந்தப் பத்தடியில் வீதி மொத்தமும் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் கை கொடுக்கவுமில்லை. நாலாவதோ ஐந்தாவதோ பலகை தோளில் இருந்தபோது அவன் நடுவழியில் சட்டென்று நின்றான். பிடரியில் கை வைத்துப் பார்த்தான். கையில் பட்டது வேர்வையை விடக் கெட்டியான ஈரம். பலகையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தான்.

மயில்சாமி கட்டுப்போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

“என்னங்கண்ணா, எனக்கு அடிபட்டதுக்குப் பரிசா?”

“வாய மூடீட்டுப் பலகையப் புடி.”

“ஒத்தக் கையில எப்படிப் புடிக்கறது?”

“முழங்கால முட்டுக்குடு. சொன்னாக் கேளுடா.”

தம்பி முழங்காலை முட்டுக்கொடுக்க, அண்ணன் அடித்தான். கோகிலாமணி பழைய ஆணித்துளையிலேயே ஆணி இறங்குகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, “இன்னுங்கொஞ்சம் எடப்பக்கம் மாமா, கொம்புத் தடம் மேலயும் கீழயும் சேரோணும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசி ஆணி இறங்கியபோது கத்தல் நின்றது. சென்னியப்பன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவதற்குச் சுவரில் கை ஊன்றினான், ஊன்றியவன் போகவில்லை, அப்படியே சரிந்து உட்கார்ந்தான். வெயில் உச்சிக்கு வர இன்னும் நேரம் இருந்தது. இருந்தாலும் சுவர் காத்திருக்கவில்லை. சரக் என்றது ஒரு தரம், வெகுநாள் ஓடாத தறியைத் தொட்டுப் பார்ப்பது போல. பிறகு சரக், சரக்.

அவன் எத்தனை வருசத்துக் கடனைத் தூங்கித் தீர்த்தான் என்று தெரியாது. நாங்களும் அந்த வாசலிலும் சாக்கடை ஓரத்திலும் கிடைத்த இடத்தில் சாய்ந்து தூங்கிப்போனோம். சிப்ட் மணி அடிக்கிற சமயத்துக்கு ஒவ்வொருவராக எழுந்தபோது எல்லார் தலையிலும் ஒரு சுழி. சென்னியப்பன் தலையில் மட்டும் இரண்டு. வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று, நடுவே வகிடு எடுத்த மாதிரி. போதாததற்குப் புருவமும் மீசையும்கூட மேல்நோக்கி நக்கிவிடப்பட்டிருந்தன.

மயில்சாமி எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ரெண்டு பக்கமும் நக்கியிருக்குதுங்க” என்றான்.

“அப்படியா?”

“எனக்கு இத்தன நாள்ல ஒரு பக்கந்தானுங்க.” கட்டுப் போடாத கையால் தன் சுழியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “கொண்டாந்தது நானு. எண்ண பூசுனது எம்பொண்டாட்டி” என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, ஆனால் கண்ணின் ஓரத்தில் அது இருந்தது. சென்னியப்பனுக்கு அதை அடையாளம் தெரியும், வேறு யாரையும்விட நன்றாகத் தெரியும், எங்கே பிடிக்கும், எப்படிப் பரவும், ராத்திரி எந்நேரத்துக்கு அதிகமாகும் என்பதெல்லாம். தம்பிக்குச் சொல்ல ஆறுதலாக ஒரு வார்த்தை அவனிடம் இருந்தது. பஞ்சுமருந்து வாசத்துக்கு மாடு ரொம்பக் கிட்டே வராதுடா, புண் ஆறட்டும், உன்னையும் ரெண்டு பக்கமும் நக்கும் என்று சொல்லியிருக்கலாம். உதடு அதற்காக அசையவும் செய்தது. சொல்லவில்லை.

துளசிமணி சீப்பைக் கொண்டுவந்து நீட்டினாள். “சீவிக்கிட்டுப் போங்க, பட்டறையில பாத்தாச் சிரிப்பாங்க.”

“இருக்கட்டும்” என்றான் சென்னியப்பன்.

சோத்துப் போசியை எடுத்துக்கொண்டு, சீவாத தலையோடு, வீதியின் நட்டநடுவே நடந்து பட்டறைக்குப் போனான். மாரப்பன் அந்தத் தலையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தறியைக் கழற்றுகிற பேச்சை எடுக்காமல் நகர்ந்துகொண்டார். சென்னியப்பன் போசியை ஜன்னல் திட்டில் வைத்தான், தறியின் மேல் படிந்திருந்த பஞ்சை வாயால் ஊதினான், நாடாவை எடுத்துப் பார்த்தான். தார் தீர்ந்திருந்தது. வெறும் குச்சியை உருவிக் கூடையில் போட்டுவிட்டு, புதுத் தாரை மாட்டி, நூல் முனையை நாடாவின் கண்ணில் கோத்து இழுத்தான்.